கம்பனி என்றால் யாருடைய காசு?

சவளக்கடையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்



கம்பனிச் சட்டத்தையும் பங்குச் சந்தையையும் பற்றிப் பேச வேண்டிய இடம் கொழும்பு அல்லவா, நெல் வயலுக்கு நடுவில் இருக்கும் சவளக்கடையில் யாருக்கு இது தேவை என்று நண்பர் ஒருவர் கேட்டார். பெரும்போக அறுவடை முடிந்து நெல் விற்ற காசு வீட்டுக்கு வரும் மாதத்தில் அவர் இங்கே வந்து நிற்க வேண்டும். கத்தாரிலிருந்தும் சவூதியிலிருந்தும் பிள்ளைகள் அனுப்பும் காசு கல்முனை வங்கிக்கு வந்து சேரும் நாளில் அவர் இங்கே இருக்க வேண்டும். காசு வந்த வாசம் பிடித்து யார் யாரெல்லாம் வெள்ளைச் சட்டையும் கையில் கோப்புமாக வீடு தேடி வருகிறார்கள் என்று அப்போது பார்ப்பார். அவர்களில் எவரும் ‘நான் வட்டிக்காரன்’ என்று சொல்வதில்லை. எல்லோரும் ‘எங்கள் கம்பனி’ என்றே பேச்சைத் தொடங்குகிறார்கள்.

எனவே அந்தச் சொல்லுக்குப் பின்னால் சட்டம் எதை வைத்திருக்கிறது, எதை வைக்கவில்லை என்பதைப் பார்ப்போம். கடந்த இருபது ஆண்டுகளில் இந்த நாட்டின் கம்பனிச் சட்டமும் பிணையங்கள் சட்டமும் நன்றாகவே திருத்தி எழுதப்பட்டிருக்கின்றன என்பது என் கருத்து. ஆனால் அந்தச் சட்டங்களுக்கு ஓர் எல்லை உண்டு. நம் பகுதி மக்களின் காசில் கணிசமான பங்கு அந்த எல்லைக்கு வெளியேதான் போய்க்கொண்டிருக்கிறது.

கம்பனி என்ற ஏற்பாட்டின் மூலச் சிக்கல் நமக்குப் புதிதில்லை. போடியார் காணியும் முதலும் கொடுப்பார். முல்லைக்காரர் வட்டையில் நின்று வேலை பார்ப்பார். விதை எவ்வளவு போனது, உரம் எவ்வளவு இறங்கியது என்பது முல்லைக்காரருக்குத்தான் தெரியும். போடியார் கல்முனையில் இருந்தால் களவெட்டியில் நெல் அளக்கும்போதுதான் கணக்குக் கேட்பார். முதல் போட்டவர் ஒருவர், அதைக் கையாள்பவர் இன்னொருவர். 1932இல் அடொல்ஃப் பேர்ள், கார்டினர் மீன்ஸ் என்ற இரண்டு அமெரிக்கர்கள் பெரிய கம்பனிகளைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற நூலின் சாரமும் இதுதான்: பங்குதாரர் உரிமையாளர், ஆனால் சாவி பணிப்பாளரின் சட்டைப்பையில். ஒரு வித்தியாசம் உண்டு. போடியார் நினைத்தால் வட்டைக்குப் போய் வரம்பில் நின்று பார்க்கலாம். கம்பனியில் பங்கு வாங்கியவருக்குப் போய் நிற்க வரம்பு கிடையாது. அந்த வரம்பை எழுத்தில் போட்டுத் தருவதே கம்பனிச் சட்டத்தின் வேலை.

இலங்கையில் இந்த வேலை 1861ஆம் ஆண்டின் கூட்டுப் பங்குக் கம்பனிகள் கட்டளைச் சட்டத்துடன் தொடங்கியது. தேயிலைத் தோட்டங்களுக்கு முதல் திரட்டுவதற்காகக் கொழும்பில் 1896இல் தரகர்கள் பங்கு வியாபாரத்தை ஆரம்பித்தார்கள். 1938இல் ஒரு கட்டளைச் சட்டம், 1982இல் ஒரு சட்டம், பிறகு இன்று நடைமுறையில் உள்ள 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம். முன்னையவை பெரும்பாலும் ஆங்கிலேயச் சட்டத்தின் நிழலில் நின்றவை. 2007இல் நாம் நியூசிலாந்தின் பக்கமும் திரும்பிப் பார்த்தோம். அதனால் சில நல்ல விடயங்கள் கிடைத்தன.

அவற்றில் ஒன்றை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் மோசடிக் கம்பனியையும் உண்மைக் கம்பனியையும் பிரித்துக் காட்டும் கோடு அங்கேதான் ஓடுகிறது. ஒரு கம்பனி தன் பங்குதாரருக்குப் பங்கிலாபம் கொடுக்க வேண்டுமானால் முதலில் கடன்தீர் வல்லமைச் சோதனையில் தேற வேண்டும் என்கிறது சட்டம். அந்தக் காசைக் கொடுத்த பிறகும் தன் கடன்களை உரிய நாளில் கட்ட அதனால் முடிய வேண்டும். சொத்தின் பெறுமதி, கடன்களும் கூறப்பட்ட மூலதனமும் சேர்ந்த தொகையை விட அதிகமாக இருக்க வேண்டும். பணிப்பாளர்கள் அதற்குக் கையெழுத்துப் போட வேண்டும். அதாவது உழைத்ததைத்தான் பகிரலாம். நீங்கள் போட்ட முதலையே எடுத்து உங்களுக்கு இலாபம் என்று திருப்பித் தர முடியாது. வீடு தேடி வரும் ‘கம்பனி’ செய்வது இதற்கு நேர் எதிர். ஜனவரியில் சேர்ந்தவருக்குப் பெப்ரவரியில் சேர்ந்தவரின் காசு, பெப்ரவரிக்காரருக்கு மார்ச்சில் சேர்ந்தவரின் காசு. மாதம் தவறாமல் காசு வருவதைப் பார்த்து ‘கம்பனி நல்லா ஓடுது’ என்கிறோம். முதல் ஆறு மாதம் ஒழுங்காகக் காசு வந்தது என்பது எந்தக் கம்பனிக்கும் சான்றிதழ் ஆகாது.

இன்னொன்று, இந்த ஊர்ப் பழக்கத்தைப் பற்றியது. ஒரு கம்பனியைப் பதியும்போது மனைவியின் பெயரையோ உம்மாவின் பெயரையோ மச்சானின் பெயரையோ பணிப்பாளராகப் போடுவது நம்மிடையே சாதாரணம். பணிப்பாளராக இருக்கச் சம்மதிக்கிறேன் என்ற படிவம் 18இல் அந்தப் பெண்மணி அடுப்படியில் நின்றபடியே கையெழுத்துப் போடுகிறார். அந்தக் கணத்திலிருந்து நல்லெண்ணத்தோடும் கம்பனியின் நலனுக்காகவும் செயல்பட வேண்டிய கடமை, கவனத்தோடு நடக்க வேண்டிய கடமை, கம்பனி கடன் கட்ட முடியாத நிலைக்குப் போகிறது என்று தெரிந்தால் உடனே பணிப்பாளர் சபையைக் கூட்ட வேண்டிய கடமை எல்லாம் அவர் தலையில் ஏறுகின்றன. ‘எனக்கு ஒன்றும் தெரியாது, அவர்தான் பார்த்தார்’ என்பது வீட்டில் எடுபடலாம், மன்றில் எடுபடாது. பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

இனிப் பங்குச் சந்தைக்கு வருகிறேன். 1987ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டம் பிணையங்கள் சபையை உருவாக்கியது. பின்னர் அதுவே இலங்கைப் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவானது. 1991இல் மத்திய வைப்புத் திட்டம் வந்தது, 1997இல் கணினித் திரை வியாபாரம் வந்தது. ஆனால் ஆணைக்குழுவின் கையில் இருந்த ஆயுதம் பழையது. கம்பனிக்குள் இருந்து இரகசியத் தகவலை வைத்துக்கொண்டு பங்கு வாங்கி விற்பவரையும், போலிக் கேள்வியை உண்டாக்கி விலையை ஏற்றி இறக்குபவரையும் தண்டிக்க அது குற்றவியல் வழக்கையே நம்பியிருந்தது. திருட்டு வழக்கைப் போல நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்க வேண்டும். பத்துத் தரகர் கணக்குகளில், இருபது பெயர்களில், ஒரு நாளைக்கு நூறு கொடுக்கல் வாங்கல் என்று நடந்த ஒரு விடயத்தில் ‘இவர் மனதில் இன்ன எண்ணம் இருந்தது’ என்று அந்த அளவுக்கு நிரூபிப்பது எவ்வளவு கடினம் என்று எந்தச் சட்டத்தரணியும் சொல்வார். முடிவில் பல விடயங்கள் பணம் கட்டி இணக்கத்தில் முடிந்தன.

அந்தப் பலவீனம் வெளிச்சத்துக்கு வந்தது போர் முடிந்த பிறகு. கொழும்புச் சந்தையின் சுட்டெண் 2009இல் 125 வீதமும் 2010இல் 96 வீதமும் ஏறியது. நல்ல கம்பனிகளின் விலையும் ஏறியது. பெயர் கேள்விப்படாத, இலாபமே காணாத கம்பனிகளின் விலையும் ஏறியது. ஆணைக்குழு விசாரிக்கத் தொடங்கியது. 2011 டிசெம்பரில் அதன் தலைவர் இந்திராணி சுகததாச பதவி விலகினார். அடுத்து வந்த திலக் கருணாரத்னவும் 2012 ஓகஸ்டில் விலகினார். சந்தைக்குள் ஒரு மாஃபியா இயங்குகிறது என்று அவர் பகிரங்கமாகவே சொன்னார். ஒரு வருடத்துக்குள் ஒழுங்குபடுத்தும் அமைப்பின் இரண்டு தலைவர்கள் போனார்கள். சட்டப் புத்தகத்தில் என்ன எழுதியிருந்தாலும், நாற்காலியில் இருப்பவரை எழுப்பிவிட ஆட்கள் இருந்தால் அந்தப் புத்தகம் மேசைக்கு அழகு, அவ்வளவுதான்.

அந்தக் காலத்துக் கதைகளில் ஒன்று சாதாரண சேமிப்பாளரைத் தொடுகிறது. 2012இல் தேசிய சேமிப்பு வங்கி, ‘த ஃபினான்ஸ்’ என்ற நிதிக் கம்பனியின் சுமார் 13 வீதப் பங்குகளை, ஒரு பங்கு 49 ரூபா 75 சதம் வீதம் வாங்கியது. சந்தையில் அதே பங்கு 30 ரூபா அளவில் கிடைத்துக்கொண்டிருந்த நேரம் அது. மொத்தம் சுமார் 390 மில்லியன் ரூபா. பாடசாலைப் பிள்ளைகள் உண்டியலில் சேர்த்த காசும் இருக்கும் வங்கி அது. விடயம் வெளியே வந்து கூச்சல் எழுந்ததும் அந்தக் கொடுக்கல் வாங்கல் இரத்துச் செய்யப்பட்டது. அதே ‘த ஃபினான்ஸ்’ கம்பனியின் அனுமதிப்பத்திரத்தை மத்திய வங்கி 2020 மே மாதத்தில் இரத்துச் செய்தது. வைப்பாளர்களுக்குக் காப்புறுதித் திட்டத்தின் கீழ் ஆளுக்கு அதிகபட்சம் 6 இலட்சம் ரூபா கிடைத்தது. இன்று அந்த உச்ச வரம்பு 11 இலட்சம். அதற்கு மேல் வைத்திருந்தவர்கள் கலைப்பு நடவடிக்கை முடியும் வரை காத்திருக்க வேண்டும்.

‘த ஃபினான்ஸ்’ அந்த நிலைக்கு வந்ததன் வேர் 2008இல் இருக்கிறது. அந்தக் கம்பனி அப்போது செலிங்கோ குழுமத்தைச் சேர்ந்தது. அதே குழுமத்தில் ‘கோல்டன் கீ’ என்ற கடன் அட்டைக் கம்பனி ஒன்றும் இருந்தது. அட்டை வியாபாரம் செய்ய வேண்டிய அந்தக் கம்பனி, வங்கியை விடக் கூடிய வட்டி தருவதாகச் சொல்லிப் பொதுமக்களிடம் வைப்புப் பணம் வாங்கியது. அது மத்திய வங்கியில் பதிந்த நிதிக் கம்பனியே இல்லை. 2008 இறுதியில் அது சரிந்தபோது சுமார் 9,000 வைப்பாளர்களின் சுமார் 26 பில்லியன் ரூபா மாட்டிக்கொண்டது. குழுமத்தோடு தொடர்புடைய செலான் வங்கியின் வாசலில் மக்கள் வரிசையில் நின்றார்கள். டிசெம்பர் மாத இறுதியில் மத்திய வங்கி தலையிட்டுச் செலான் வங்கியின் நிர்வாகத்தை இலங்கை வங்கியிடம் கொடுத்தது. அனுமதி பெற்ற வங்கி தப்பியது. அனுமதி பெறாத கம்பனியில் போட்டவர்கள் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேறினார்கள். ‘பெரிய குழுமத்தின் கம்பனிதானே’ என்று நம்பிப் போட்டவர்களில் படித்தவர்களும் ஓய்வுபெற்ற அதிகாரிகளும் நிறையப் பேர். எழுதப் படிக்கத் தெரியாதவர்தான் ஏமாறுவார் என்று நினைப்பவர்கள் கோல்டன் கீ வைப்பாளர் பட்டியலைப் பார்க்க வேண்டும்.

அந்த அடிக்குப் பிறகு 2011இல் நிதித் தொழில் சட்டம் வந்தது. அனுமதியில்லாமல் வைப்பு வாங்குவதை அது முன்னைய சட்டத்தை விடக் கடுமையாகப் பிடிக்கிறது. பங்குச் சந்தைப் பக்கத்தில் மாற்றத்துக்கு இன்னும் பத்து ஆண்டுகள் பிடித்தன. 2021 செப்டெம்பரில் சான்றுப்படுத்தப்பட்ட 19ஆம் இலக்கச் சட்டம் 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. அதன் முக்கியம் ஒரே இடத்தில் இருக்கிறது: குற்றவியல் வழக்குக்குப் பக்கத்தில் குடியியல் தண்டனையும் நிர்வாகத் தண்டனையும் சேர்க்கப்பட்டன. சிறைக்கு அனுப்புவதற்குத்தான் நியாயமான சந்தேகத்துக்கு அப்பாற்பட்ட நிரூபணம் வேண்டும். தவறாகச் சம்பாதித்ததைப் பறிக்கவும் அபராதம் போடவும் அவ்வளவு வேண்டியதில்லை. உலகின் பெரிய சந்தைகள் பல ஆண்டுகளாகச் செய்துவந்ததை நாம் தாமதமாகச் செய்திருக்கிறோம். 2023இல் கொழும்புப் பங்குப் பரிவர்த்தனை நிலையமும் பட்டியலிட்ட கம்பனிகளுக்கான ஆளுகை விதிகளை இறுக்கியது. ஒரு பணிப்பாளர் ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் அதே சபையில் இருந்தால் அவரைச் ‘சுயாதீனமானவர்’ என்று அழைக்க முடியாது என்பதும் அதில் ஒன்று. பழைய நண்பர் பழைய நண்பரைக் கேள்வி கேட்க மாட்டார் என்பதைச் சட்டம் புரிந்துகொண்டிருக்கிறது!

சட்டம் மாறிய அதே காலத்தில் சந்தையும் கைத்தொலைபேசிக்குள் வந்துவிட்டது. 2020 முதல் செயலி வழியாகவே கணக்குத் திறக்கலாம். சாய்ந்தமருதில் கடை வைத்திருப்பவரும் சம்மாந்துறையில் பட்டதாரிப் பிள்ளையும் தரகர் அலுவலகத்தைக் கண்ணால் பார்க்காமலே பங்கு வாங்கலாம். 2021இல் சுட்டெண் 80 வீதம் ஏறியது, 2022 ஜனவரியில் 13,000ஐத் தாண்டியது. மூன்று மாதத்தில் நாடு கடன் கட்ட முடியாமல் நின்றது. ஏப்ரல் 18 முதல் ஒரு வாரம் சந்தையையே மூடி வைத்தார்கள். 2025இல் அதே சுட்டெண் 20,000ஐக் கடந்தது. ஏறும்போது மட்டும் வாட்ஸ்அப்பில் ‘டிப்ஸ்’ வரும், இறங்கும்போது அந்தக் குழுவே இருக்காது. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: சந்தையில் விலை விழுந்து நட்டப்பட்டவர் ஒரு சட்டத்தின் உள்ளே நட்டப்பட்டார். அவரிடம் பதிவு இருக்கிறது, பங்கு அவர் பெயரில் இருக்கிறது, முறைப்பாடு செய்ய இடம் இருக்கிறது. என் கவலை அவரைப் பற்றியதல்ல.

எல்லைக்கு வெளியே நிற்பவரைப் பற்றித்தான் கவலை. அந்த எல்லை எங்கே ஓடுகிறது என்பதைக் காட்ட ஒரு தோடம்பழத் தோட்டத்துக்கு உங்களைக் கூட்டிப் போகிறேன். அமெரிக்காவின் புளோரிடாவில் ஹோவி என்ற கம்பனி தன் தோட்டத்தை வரிசை வரிசையாகப் பிரித்து விற்றது. வாங்கியவர்களில் அதிகமானோர் வெளியூர்க்காரர்கள். அந்தக் கம்பனியின் ஹோட்டலில் விடுமுறைக்குத் தங்க வந்தவர்கள். அவர்களுக்கு மரம் வளர்க்கவும் தெரியாது, பழம் பறிக்கவும் தெரியாது. அதனால் பத்து ஆண்டுக்கு ஒரு பராமரிப்பு ஒப்பந்தமும் சேர்த்து எழுதிக்கொடுத்தார்கள். நீங்கள் உறுதியை வைத்திருங்கள், நாங்கள் பயிர் செய்து விற்று இலாபம் தருகிறோம் என்றார்கள். இது காணி விற்பனைதான், பிணையம் இல்லை என்று கம்பனி வாதாடியது. 1946இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒரு பொதுவான தொழிலில் காசு போட்டு, மற்றவரின் உழைப்பால் இலாபம் வரும் என்று ஒருவர் எதிர்பார்த்தால், அதற்கு எந்தப் பெயர் வைத்தாலும் அது முதலீட்டு ஒப்பந்தம். பிணையங்கள் சட்டம் அதைக் கட்டும் என்றது. எண்பது ஆண்டுகளாக அந்த அளவுகோல் நிற்கிறது.

அதே கதை இலங்கையில் நடந்தபோது முடிவு வேறு. ‘டச்வூட் இன்வெஸ்ட்மென்ட்ஸ்’ கொழும்புப் பங்குப் பரிவர்த்தனை நிலையத்தில் பட்டியலிடப்பட்ட கம்பனி. அது மகோகனி, அகர், சந்தனம், வனிலா போன்ற பயிர்களில் மரங்களாக, துண்டுகளாக முதலீட்டை விற்றது. இத்தனை ஆண்டு பொறுத்தால் இத்தனை மடங்கு என்றது. 2013க்குப் பிறகு வழக்குகளும் கலைப்பு நடவடிக்கையும் வந்தன. பெயருக்குப் பின்னால் பி.எல்.சி. என்று இருந்ததால் மரம் வாங்கியவர்கள் தங்களுக்கும் சந்தையின் காவல் உண்டு என்று நினைத்தார்கள். காவல் அந்தக் கம்பனியின் பங்குக்கு. அவர்கள் வாங்கியது மரம். வாசலுக்கு உள்ளே இருக்கும் கம்பனியும் வாசலுக்கு வெளியே ஒரு சரக்கை விற்கலாம். ஆகவே கம்பனியின் பெயரைப் பார்த்தால் போதாது. உங்கள் கையில் அது தரும் தாள் எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது என்பதையும் கேட்க வேண்டும்.

இன்னொரு வாசல், ஐம்பது என்ற எண். நம் சட்டப்படி தனியார் கம்பனி ஒன்றில் ஐம்பது பேருக்கு மேல் பங்குதாரராக இருக்க முடியாது. அது பொதுமக்களிடம் பங்கு வாங்கச் சொல்லி அழைக்கவும் முடியாது. ‘பிரைவேட் லிமிட்டெட்’ என்று முடியும் ஒரு கம்பனி முகநூலில் ‘எங்களோடு பங்காளராகுங்கள்’ என்று விளம்பரம் போட்டால், மேலே ஒன்றும் விசாரிக்க வேண்டாம், அந்த விளம்பரமே தவறு. இந்தியாவில் சகாரா குழுமத்தின் இரண்டு கம்பனிகள் இந்த வாசலைத்தான் ஏமாற்றப் பார்த்தன. எங்கள் நண்பர்கள், ஊழியர்கள், கூட்டாளிகளுக்கு மட்டும் தனிப்பட்ட முறையில் கொடுக்கிறோம் என்று சொல்லிச் சுமார் 3 கோடிப் பேரிடம் 24,000 கோடி இந்திய ரூபாய்க்கு மேல் வாங்கின. குழுமத்தின் இன்னொரு கம்பனி பங்குச் சந்தைக்கு வர 2009இல் ஆவணம் தாக்கல் செய்தபோதுதான் இந்த விடயம் ஒழுங்குபடுத்துநரின் கண்ணில் பட்டது. 3 கோடிப் பேர் நண்பர்களாக இருக்க முடியாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2012 ஓகஸ்ட் 31 அன்று தீர்ப்பளித்து, வட்டியோடு திருப்பிக் கொடுக்கச் சொன்னது. தமிழ்நாடு வேறு வழியும் வைத்திருக்கிறது: நிதி நிறுவனங்கள் வரிசையாகச் சரிந்த 1990களின் அனுபவத்தில் 1997இல் ஒரு சட்டம் இயற்றி, வைப்பாளரை ஏமாற்றியவரின் சொத்தை முடக்கி ஏலம் போட்டுப் பகிர்ந்து கொடுக்கும் அதிகாரத்தை எடுத்துக்கொண்டது. மோசடிகள் அங்கும் நிற்கவில்லை. ஆனாலும் திருடனைப் பிடிப்பதை விடக் காசைப் பிடிப்பதே முதல் வேலை என்று அந்தச் சட்டம் புரிந்துவைத்திருக்கிறது. நமக்கும் அது வேண்டும்.

இனிக் கொஞ்சம் கசப்பான பேச்சு. உலமாக்கள் இங்கே இருப்பதால் தைரியமாகச் சொல்கிறேன். நம் பகுதியில் காசு கேட்டு வருபவர் வட்டி என்று சொல்லமாட்டார். ‘முழாரபா’, ‘ஹலால் இலாபம்’ என்பார். முழாரபா என்றால் ஒருவர் முதல் போடுவார், இன்னொருவர் உழைப்பார், இலாபத்தை முன்பே பேசிய விகிதத்தில் பகிர்வார்கள். நட்டம் வந்தால் அந்தக் காசு முதல் போட்டவருடையது. உழைத்தவருக்கு உழைப்புப் போகும். அப்படியிருக்க, ஒவ்வொரு மாதமும் 10,000 ரூபா நிச்சயம் தருவேன், முதலுக்கும் பயம் இல்லை என்று ஒருவர் சொன்னால், அது முழாரபா ஆகாது என்பதைச் சொல்ல நான் தேவையில்லை. நிச்சயமான தொகை எதுவோ அது நீங்கள் தவிர்க்க நினைத்ததே. 2005இல் வங்கிச் சட்டத்தைத் திருத்தி இஸ்லாமிய வங்கி முறைக்கு இடம் கொடுத்தார்கள். 2011இல் அமானா வங்கி தன் பணியைத் தொடங்கியது. இன்று சுக்கூக் என்ற இஸ்லாமிய முதலீட்டுப் பத்திரங்களையும் கொழும்புச் சந்தையில் பட்டியலிடலாம். அதாவது சட்டத்துக்கு உள்ளேயே, கணக்காய்வோடும் ஷரீஆ ஆலோசகர்களின் மேற்பார்வையோடும் வழி திறந்திருக்கிறது. குர்ஆனின் மிக நீண்ட வசனம் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துச் சாட்சி வைப்பதைப் பற்றியது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அப்படியிருந்தும் பத்து இலட்சத்தைக் கையில் கொடுத்துவிட்டு ஒரு துண்டுத் தாள்கூட வாங்காமல் வருகிறோம்; கேட்டால் ‘தெரிஞ்ச மனிசன்’ என்கிறோம்.

அந்தத் ‘தெரிஞ்ச மனிசன்’ ஆளைச் சேர்த்தால்தான் தனக்கும் காசு என்ற திட்டத்தில் இருந்தால், அவர் நிலையும் சிக்கலே. வங்கிச் சட்டத்தின் 83இ பிரிவு பிரமிட் திட்டங்களைத் தடை செய்கிறது. நடத்துபவரை மட்டுமல்ல, அதை ஊக்குவிப்பவரையும் விளம்பரப்படுத்துபவரையும் அது பிடிக்கிறது. எம்.டி.எஃப்.இ. போன்ற செயலிகளின் பெயரை மத்திய வங்கி தடைசெய்யப்பட்ட திட்டங்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அந்தச் செயலி 2023இல் பங்களாதேசத்திலும் இங்கும் மக்களை நடுத்தெருவில் விட்டுப் போனது. தங்கையையும் மச்சியையும் சேர்த்துவிட்டவர் இன்று காசும் இழந்து, சொந்தத்தின் முகத்திலும் விழிக்க முடியாமல், சட்டத்தின் கண்ணிலும் குற்றவாளியாக நிற்கிறார்.

கம்பனிச் சட்டத்தின் புதிய திருத்தம் ஒன்றையும் சொல்ல வேண்டும். 2025ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், ஒவ்வொரு கம்பனியும் தன் உண்மையான நன்மை பெறும் உரிமையாளர் யார் என்று பதிவாளரிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது. கொண்டு திரிபவருக்கே சொந்தமாகும் பங்குப் பத்திரங்களுக்கும் இடமில்லை. கள்ளப் பணத்தைத் தடுக்கும் சர்வதேச மதிப்பீடு நெருங்கியதால்தான் இது அவசரமாக வந்தது என்பது உண்மை. 2017 முதல் 2019 வரை இலங்கை கள்ளப் பணத்தைக் கண்காணிக்கும் சர்வதேச அமைப்பின் சாம்பல் பட்டியலில் இருந்த நினைவு அரசாங்கத்துக்கு உண்டு. எந்தக் காரணத்துக்காக வந்தாலும் நல்லது. பினாமிப் பெயரின் பின்னால் ஒளிந்து நின்று காசு வாங்கியவரைத் தேடிப் பிடிக்க இனி ஒரு நூல் நுனி இருக்கும்.

மாணவர்களுக்கு ஒரு சிறு பயிற்சி. பிரதேச செயலகத்தில் எடுத்த வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழை வீட்டுச் சுவரில் மாட்டியிருப்பவர் கம்பனி வைத்திருப்பவர் அல்ல. அது பெயருக்கான பதிவு மட்டுமே. கம்பனி என்றால் கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் இலக்கம் இருக்கும். பி.வி. என்று தொடங்கினால் தனியார், பி.பி. என்றால் பட்டியலிடாத பொதுக் கம்பனி, பி.கியூ. என்றால் பட்டியலிட்டது. இந்த மூன்றில் எதுவும் உங்கள் வைப்பை வாங்க அனுமதி கொடுப்பதில்லை. வைப்பு வாங்கும் அனுமதியை மத்திய வங்கி கொடுக்கிறது. அதன் பட்டியல் இணையத்தில் இருக்கிறது. தரகருக்கும் முதலீட்டு முகாமையாளருக்கும் பிணையங்கள் ஆணைக்குழு அனுமதி கொடுக்கிறது. அதன் பட்டியலும் இருக்கிறது. உங்கள் வாப்பா காசு கொடுக்கப் போகும் முன் கைத்தொலைபேசியில் இரண்டு நிமிடம் பாருங்கள்.

கடைசியாக, பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். கம்பனிச் சட்டம் ஒரு சிறு பங்குதாரருக்குக் கொடுக்கும் பரிகாரங்கள் தாராளமானவை. பெரும்பான்மையோர் அடக்கி ஒடுக்கினால் மனுச் செய்யலாம், நிர்வாகச் சீர்கேடு இருந்தால் மனுச் செய்யலாம், கம்பனிக்கு வந்த நட்டத்துக்காகக் கம்பனியின் பெயரிலேயே வழக்காடவும் அனுமதி கேட்கலாம். ஆனால் இந்த மனுக்களைக் கேட்கும் வணிக மேல் நீதிமன்றம் கொழும்பில் இருக்கிறது. சவளக்கடையிலிருந்து ஒருவர் அங்கே போக வேண்டுமானால், மழைக்காலமாக இருந்தால் முதலில் கிட்டங்கித் தாம்போதியைக் கடக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். பிறகு ஓர் இரவு முழுக்கப் பஸ். ஆங்கிலத்தில் வாதாட ஒரு சட்டத்தரணி, தவணைக்குத் தவணை அதே பயணம். ஐந்து இலட்சம் இழந்தவர் இன்னும் இரண்டு இலட்சம் செலவழிக்க மாட்டார். ஏமாற்றியவருக்கு இது நன்றாகவே தெரியும்.

இதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டாம். அந்த நீதிமன்றத்தை உருவாக்கிய 1996ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம், எந்த மாகாணத்தின் மேல் நீதிமன்றத்துக்கும் இந்த அதிகாரத்தை அமைச்சர் வர்த்தமானிக் கட்டளை மூலம் கொடுக்கலாம் என்று தொடக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. வடக்கு கிழக்கு நீதிமன்றங்களில் தமிழ் மொழி பாவிக்கப்பட வேண்டும் என்று அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை சொல்கிறது. கல்முனையில் மேல் நீதிமன்றம் ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே கல்முனைச் சட்டத்தரணிகளும் வர்த்தகர் சங்கங்களும் பள்ளிவாசல் சம்மேளனங்களும் கோயில் நிர்வாகங்களும் சேர்ந்து ஒரே ஒரு கோரிக்கையை நீதி அமைச்சிடம் வைக்க வேண்டும்: கிழக்கு மாகாணத்துக்கு அந்த வர்த்தமானியை வெளியிடுங்கள். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் முகாமைத்துவ, வணிக பீட மாணவர்கள் அதற்கான மனுவைத் தயாரித்துத் தரட்டும். அதில் முதல் கையெழுத்துப் போட நான் தயார்.